பிஸ்மார்க் ஊரின் பேஸ்பால் அணி, 1933–1936: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலைப் பற்றிப் படிப்பவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு பழைய குழுப்படத்தைப் பார்த்துவிடுவார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் படம், எடுத்த ஆண்டு 1935. பின்வரிசையில் ஏழு பேர் நிற்கிறார்கள், அதில் ஆறு பேர் கருப்பினத்தவர், ஒருவர் மட்டும் வெள்ளையர். முன்வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் வெள்ளையர்கள், அவர்களுக்கு நட்டநடுவில் அணியை நடத்திய கார் வியாபாரி. ஒரே ஊரின் பெயரில் ஒன்றாக ஆடியவர்கள் இவர்கள். அமெரிக்காவின் பெரிய லீகுகளில் ஒரு கருப்பின ஆட்டக்காரர் கால் வைக்க அப்போது இன்னும் பன்னிரண்டு வருடம் பாக்கி இருந்தது.

இந்தப் படத்தைக் காட்டினாலே கேள்விகள் வரிசையாக வரும். எந்த ஊர், எப்படி நடந்தது, யார் அனுமதித்தது, ஏன் நின்றுபோனது என்று. எனக்கு மிகவும் பிடித்த அணி இது, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது எந்த ஊர்?

பிஸ்மார்க். வடக்கு டகோட்டா மாநிலத்தின் தலைநகரம், மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கிறது. 1873-ல் ரயில் பாதை வந்தபோது ஜெர்மானியர்களின் முதலீட்டையும் குடியேற்றத்தையும் எதிர்பார்த்து, ஜெர்மனியின் பிரதமர் பிஸ்மார்க்கின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். தலைநகரம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், 1930 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது வெறும் 11,000 பேர்தான். சுற்றிலும் கோதுமை வயல். அந்த வருடங்களில் அந்த வயலும் இல்லை, மழை பொய்த்து மண் காற்றோடு பறந்துகொண்டிருந்த காலம் அது. 1936-ல் மட்டும் அதே மாநிலத்தில் பிப்ரவரியில் பார்ஷால் என்ற ஊரில் மைனஸ் 51 டிகிரி, ஜூலையில் பிஸ்மார்க்குக்குக் கிழக்கே இருக்கும் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி செல்சியஸ் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டுமே இன்றுவரை அந்த மாநிலத்தின் உச்சங்கள். உலகப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரம், விளைச்சல் இல்லை, கையில் காசு இல்லை. அந்த ஊர் மக்கள்தான் ஞாயிற்றுக்கிழமையானால் பேஸ்பால் மைதானத்துக்குக் கிளம்பினார்கள்.

இது மைனர் லீக் அணிதானே?

இல்லை, இந்தக் கதை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் பெரிய லீகுகள் இரண்டு. அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீகுகள், சின்னச் சின்ன ஊர்களின் அணிகள்கூட அதில் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்த அமைப்புக்குள் கருப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. எழுதி ஒட்டிய விதியாக அது இருந்ததில்லை, முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் பெரிய லீகில் ஆடினார், அதற்கப்புறம் 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கதவு மூடியேதான் இருந்தது. கருப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீகுகள் நடத்தினார்கள், அவற்றுக்கு நீக்ரோ லீக் என்பதுதான் அன்றைய பெயர்.

பிஸ்மார்க் அணி இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை, செமி-ப்ரோ என்பார்கள். ஊர்க்காரர்கள், கடைக்காரர்கள், கம்பெனிகள் காசு போட்டு நடத்தும் அணி. உள்ளூர்ப் பையன்கள் கொஞ்சம் பேர், சம்பளத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர். எந்த லீகின் தலைமை அலுவலகமும் அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்ல மேலே ஆளே இல்லை. மைனர் லீகில் ஒரு சின்ன இடம் கிடைத்திருந்தால் பிஸ்மார்க் இப்படி ஒரு அணியை அமைத்திருக்கவே முடியாது. மரியாதையான அமைப்புக்கு வெளியே இருந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம். என்னைக் கேட்டால், இந்த அணியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்.

அந்தக் கார் வியாபாரி யார்?

நீல் சர்ச்சில். தானும் பேஸ்பால் ஆடியவர், பிஸ்மார்க்கில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கார் விற்றார். ஊர் அணியை எடுத்து நடத்தத் தொடங்கியவருக்கு அது ஒரு வெறியாகவே மாறிவிட்டது. அணிக்கே சர்ச்சில்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1939 முதல் 1946 வரை ஊரின் மேயராகவும் இருந்தார்.

அவருக்கு ஒரு தலைவலி இருந்தது, பெயர் ஜேம்ஸ்டவுன். கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ரயில் பாதையில் இருக்கும் பக்கத்து ஊர். 1933-ல் அவர்கள் பார்னி பிரவுன் என்ற நல்ல கருப்பின பிட்சரை (பந்து வீசுபவரை) கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையில் மானப் பிரச்சினை. தோற்றுவிட்டு வந்தால் அடுத்த நாள் காலை கடையைத் திறக்க முடியாது என்கிற அளவுக்குப் போட்டி. சர்ச்சில் கருப்பின ஆட்டக்காரர்களைத் தேட ஆரம்பித்தது இந்தப் பக்கத்து ஊர்ப் பகையால்தான். குவின்சி ட்ரூப் என்ற இளம் கேட்சர் வந்தார். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் ஆட்டத்தை நடத்துவதே அவர்தான். அது போதவில்லை. நாட்டிலேயே பெரிய ஆள் ஒருவர் வேண்டும் என்று கிளம்பினார் சர்ச்சில்.

அந்தப் பெரிய ஆள்தான் சாட்சல் பெய்ஜா?

ஆமாம். 1933 ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். நாடு முழுக்கக் காட்சி ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டிருந்த ஏப் சேப்பர்ஸ்டைன் வழியாகத்தான் தொடர்பு கிடைத்தது. ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியை நடத்தியவர், அவரேதான். பேசி முடித்தது மாதம் 400 டாலர், கூடவே அதிகம் ஓடாத ஒரு பழைய கார். கார் வியாபாரியிடம் கார்தானே தாராளமாக இருக்கும். பெய்ஜ் அப்போது நீக்ரோ லீகின் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியில் இருந்தார், அங்கிருந்து பாதியில் கிளம்பி வந்துவிட்டார்.

வந்ததும் சர்ச்சில் எதற்காகக் கூப்பிட்டாரோ அதைச் செய்தார், ஜேம்ஸ்டவுனை அடக்கினார். வெள்ளையர்களோடு ஒரே அணியில் சேர்ந்து ஆடிய அனுபவம் தனக்கு முதல்முதலாக அங்கேதான் கிடைத்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

எனக்கு பேஸ்பால் தெரியாது. பெய்ஜ் ஏன் அவ்வளவு பெரிய ஆள்?

கிரிக்கெட்டில் ஒருவர் ஒரு ஓவர் போட்டால் அடுத்த ஓவரை இன்னொருவர் போட வேண்டும். பேஸ்பாலில் அப்படி இல்லை. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், தாக்குப்பிடித்தால் ஆட்டம் முழுக்க அவரே வீசலாம். ஒன்பது இன்னிங்ஸ், எதிரணியில் 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். பந்து சரியான இடத்தில் வந்து, மட்டையாளர் அடிக்காமலோ அடிக்க முடியாமலோ மூன்று தடவை விட்டால் அவர் அவுட், அதற்குப் பெயர் ஸ்டிரைக் அவுட். ஃபீல்டர்கள் யாரும் அசையக்கூடத் தேவையில்லை. அதனால் ஒரு நல்ல பிட்சர் கையில் இருந்தால் பாதி ஆட்டம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பெய்ஜ் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் 1906-ல் பிறந்தவர். சின்ன வயதில் ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்ததால் 'சாட்சல்' என்ற பெயர் வந்தது என்பது அவரே சொன்ன கதை, சாட்சல் என்றால் கைப்பை. ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்த உருவம், நீளமான கை. ஆட்டத்துக்கு முன்னால் கையைச் சூடேற்றும்போது மட்டையாளர் நிற்கும் இடத்தில் இருக்கும் தட்டு வேண்டாம் என்பார். சூயிங்கம் சுற்றி வரும் சின்னக் காகிதத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, அதற்கு நேர் மேலே பந்து போகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வீசுவார். வேகம் பலருக்கு இருந்தது. அந்தக் காகிதத்தின் மேல் அத்தனை தடவை பந்தைச் செலுத்தும் கட்டுப்பாடு வேறு யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1934-ல் என்ன ஆனது?

பெய்ஜ் பிஸ்மார்க் வரவில்லை, பிட்ஸ்பர்க்குக்கே ஆடினார். அந்த ஜூலை 4 அன்று ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஒரு ஹிட்கூட (மட்டையால் அடித்துப் பத்திரமாக ஓடிச் சேர்வது) கொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தார், அவருடைய புகழ்பெற்ற ஆட்டங்களில் அது ஒன்று. பிஸ்மார்க் அவர் இல்லாமலே சமாளித்தது. அந்த வருடம் ஜேம்ஸ்டவுன் சும்மா இருக்கவில்லை, டெட் ராட்க்ளிஃப் என்ற கருப்பின ஆட்டக்காரரைக் கூப்பிட்டு அணியை நடத்தவே கொடுத்தது. அடுத்த வருடம் அதே ராட்க்ளிஃப் பிஸ்மார்க் அணியில் நின்றார்.

1935 அணியில் யார் யார்?

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு இப்போதும் ஒரு சிலிர்ப்பு வரும். 11,000 பேர் இருக்கிற ஊர் இது என்பதை மறந்துவிடாமல் படியுங்கள்.

1935 வசந்தத்தில் பிட்ஸ்பர்க் முதலாளி கஸ் கிரீன்லீயிடம் பெய்ஜ் சம்பளம் கூட்டிக் கேட்டார், அங்கே மாதம் 250 டாலர்தான். அவர் முடியாது என்றுவிட்டார். பெய்ஜ் பிஸ்மார்க்குக்குக் கிளம்பிவிட்டார், அதே 400 டாலர், அதே மாதிரி ஒரு கார். கோபத்தில் கிரீன்லீ அவரை அந்த வருடத்துக்கு நீக்ரோ லீகிலிருந்தே தடை செய்துவிட்டார்.

கேட்சராகக் குவின்சி ட்ரூப் ஏற்கெனவே இருந்தார். டெட் ராட்க்ளிஃப் வந்தார், இவருக்கு 'டபுள் டூட்டி' என்று பட்டப்பெயர். 1932-ல் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில், முதலாவதில் பெய்ஜ் வீச்சுக்கு இவர் கேட்சராக இருந்துவிட்டு, இரண்டாவதில் தானே பிட்சராக இறங்கி எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாராம். அதைப் பார்த்த பத்திரிகையாளர் டேமன் ரன்யன் வைத்த பெயர் அது. பெய்ஜும் இவரும் ஒரே ஊர்க்காரர்கள், மொபீல். அப்புறம் பார்னி மோரிஸ் என்ற பிட்சர், ரெட் ஹேலி. சீசன் பாதியில் லூசியானா பக்கமிருந்து ஹில்டன் ஸ்மித் வந்து சேர்ந்தார். அமைதியான மனிதர், அவர் வீசும் வளைபந்தை அந்தக் காலத்திலேயே சிறந்தது என்பார்கள். பிட்சிங் இல்லாத நாட்களில் அவரை மட்டை பிடிக்கச் சொல்லி வெளிக்களத்தில் நிறுத்தினார்கள், அதிலும் கெட்டிக்காரர்.

வெள்ளையர்களில் மூஸ் ஜான்சன், ஜோ டெசிடராட்டோ, அல் லியரி, டான் ஓபர்ஹோல்சர், எட் ஹெண்டீ. பின்வரிசையில் கருப்பின வீரர்களுக்கு நடுவில் நிற்கும் ஒரே வெள்ளையர் இந்த மூஸ் ஜான்சன்தான், பந்தை நெடுந்தூரம் அடிக்கக்கூடியவர். இவர்களும் திறமையான ஆட்டக்காரர்களே, இந்த அணியைப் பற்றிப் பேசும்போது இவர்களை நிழலில் விட்டுவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

கடைசியாக, விசிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டிக்கென்று செட் புரூவர் என்ற இன்னொரு பெரிய பிட்சரும் சேர்ந்தார். பிந்தி வந்ததால் அவர் அந்தக் குழுப்படத்தில் இல்லை.

அந்த சீசனில் பெய்ஜ் 29 வெற்றி, 2 தோல்வி, 321 ஸ்டிரைக் அவுட் என்று கணக்குச் சொல்வார்கள். செமி-ப்ரோ ஆட்டங்களுக்கு முறையான பதிவேடு கிடையாது, பழைய பத்திரிகைகளிலிருந்து கூட்டிச் சேர்த்த எண்கள் இவை, அதனால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

கருப்பு வெள்ளை சேர்ந்து ஆடினார்கள் என்றால் ஊரில் பாகுபாடே இல்லையா?

இருந்தது. இந்தக் கேள்விக்குச் சிலர் பூசி மெழுகிப் பதில் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வடக்கு டகோட்டா முழுவதிலுமே அப்போது கருப்பினத்தவர்கள் சில நூறு பேர்தான் இருந்தார்கள். தெற்கு மாநிலங்களில் இருந்த மாதிரி தனிக் குழாய், தனி இருக்கை என்று பலகை மாட்டிய சட்டங்கள் அங்கே இல்லை. ஆனால் சட்டம் இல்லையென்றால் வெறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? 1935-ல் பெய்ஜ் மனைவியோடு வந்து இறங்கினார். ஊரிலேயே பெரிய பெயர் அவருடையதுதான். வாடகைக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. அவர்கள் தங்கியது ரயில் தண்டவாளத்து ஓரம் கிடந்த ஒரு பழைய ரயில் பெட்டியில், பாதை வேலையாட்கள் தங்குவதற்காக வைத்திருந்த பெட்டி அது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மைதானம் நிரம்பி வழிகிறது, அவர் ஒவ்வொருவராக அவுட் ஆக்க ஆக ஊரே எழுந்து நின்று கத்துகிறது. கத்தியவர்களில் வீட்டுச் சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள், அவர் தண்டவாளத்துக்குப் போகிறார். ஆட்டத்துக்கு வா, குடியிருக்க வராதே. இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒரே மனிதர்களிடம், ஒரே நாளில் இருந்தன. விசிட்டாவுக்குப் போனபோதும் கருப்பின வீரர்கள் தனியாகத்தான் தங்க இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதனால் அந்த அணி செய்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. களத்துக்குள் அது உண்மையாகவே ஒரே அணி. பிட்சர் கருப்பினத்தவர், அவர் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர் வெள்ளையர், ஒருவரை நம்பி ஒருவர் இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். அதை வாரா வாரம் ஊர் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அன்றைய அமெரிக்காவில் அப்படி ஒரு காட்சியைப் பார்க்கக் கிடைத்த ஊர்கள் மிகக் குறைவு.

விசிட்டா போட்டி என்றால் என்ன? அங்கே என்ன நடந்தது?

கான்சஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் ரே டூமாண்ட் என்று ஒருவர், விளையாட்டுச் சாமான் வியாபாரத்திலிருந்து வந்தவர், பெரிதாக யோசிக்கும் ஆள். நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த செமி-ப்ரோ அணிகளை எல்லாம் ஒரே இடத்துக்கு வரவழைத்து, நாட்டிலேயே சிறந்த அணி எது என்று தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு வருடம் முன்பு கட்டி முடித்த லாரன்ஸ் மைதானத்தில் 1935 ஆகஸ்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 32 அணிகள்.

என்னென்ன அணிகள் வந்தன என்பதே ஒரு தனிக் கதை. எண்ணெய்க் கம்பெனி அணிகள், ஊர் அணிகள், கருப்பின அணிகள். இல்லினாய் மாநிலத்தின் வாக்கிகன் ஊரிலிருந்து ஸ்டான்சாக் என்ற குடும்பம், அண்ணன் தம்பிகளே ஒரு முழு அணியாக வந்து இறங்கினார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்பதில் டூமாண்ட் குறியாக இருந்தார், அந்தப் பெயர் பெய்ஜ். பிஸ்மார்க் அணி கார்களில் ஏறித் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. பெய்ஜ் தொடங்கிய நான்கு ஆட்டங்களையும் அவரே வென்றார், இன்னொரு ஆட்டத்தில் நடுவில் இறங்கி உதவினார். மொத்தம் 60 ஸ்டிரைக் அவுட். அவர் எடுத்த அவுட்களில் ஏறக்குறைய பாதி ஃபீல்டர்களின் உதவியே இல்லாமல் வந்தவை என்று அர்த்தம். கடும் கோடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம், இரண்டு வாரம். அந்த 60 என்ற எண்ணை அந்தப் போட்டியில் வெகுகாலம் யாரும் நெருங்கவில்லை, எழுபது வருடங்களுக்கு அப்புறமும் அதுதான் சாதனை.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஓக்லஹோமாவின் டங்கன் ஊரைச் சேர்ந்த ஹாலிபர்ட்டன் கம்பெனியின் அணி, எண்ணெய்க் கிணறுகளுக்கு சிமென்ட் போடும் கம்பெனி என்பதால் 'சிமென்டர்ஸ்' என்று பெயர். பிஸ்மார்க் 5–2 என்று வென்றது. நாட்டின் முதல் தேசிய செமி-ப்ரோ பட்டம் வடக்கு டகோட்டாவின் ஒரு கோதுமை ஊருக்குப் போனது, அதுவும் இரண்டு நிறத்தவரும் சேர்ந்து ஆடிய அணிக்கு. ஜாக்கி ராபின்சனுக்கு அப்போது பதினாறு வயது.

கருப்பு வெள்ளை சேர்ந்து ஆடிய முதல் அணி இதுதானா?

இல்லை. அப்படி எழுதியிருப்பதை அங்கங்கே பார்க்கலாம், தவறு. 19-ஆம் நூற்றாண்டிலேயே பட் ஃபவுலர் போன்றவர்கள் வெள்ளையர் அணிகளில் ஆடியிருக்கிறார்கள். மின்னசோட்டாவில் பெர்த்தா என்ற குட்டி ஊர் 1924-ல் ஜான் டொனால்ட்சன் என்ற அருமையான கருப்பின பிட்சரை வைத்துக்கொண்டது. அந்த வடக்குச் சமவெளிகளில் கருப்பின பிட்சர் ஒருவரை, அல்லது பிட்சரும் கேட்சருமாக இருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான், ஜேம்ஸ்டவுனும் அதைத்தானே செய்தது. பிஸ்மார்க்கின் வித்தியாசம் எண்ணிக்கையிலும் தரத்திலும். ஒருவர் இருவர் என்று இல்லாமல் அணியில் பாதிப் பேர், அதுவும் நாட்டிலேயே சிறந்தவர்கள், அப்படி ஒரு அணி தேசியப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தது.

சர்ச்சில் இதைக் கொள்கைக்காகச் செய்தாரா, ஜெயிப்பதற்காகச் செய்தாரா?

ஜெயிப்பதற்காகத்தான் தொடங்கினார். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஜேம்ஸ்டவுனை அடிக்க வேண்டும், அதற்குச் சிறந்த ஆள் வேண்டும், சிறந்த ஆள் கருப்பினத்தவர் என்றால் சரி, வரட்டும். இவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஆனால் இதே கணக்கை நாடு முழுக்க எத்தனையோ முதலாளிகள் போட்டிருக்கலாம். அவர்களுக்கும் ஜெயிக்க ஆசை இருந்தது, தோற்றாலும் பரவாயில்லை இவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று இருந்தார்கள். சம்பளத்தைப் பாருங்கள், நீக்ரோ லீகில் 250 வாங்கியவருக்கு இவர் 400 கொடுத்தார். கருப்பினத்தவர்தானே, கிடைப்பதை வாங்கிக்கொள்ளட்டும் என்று பேரம் பேசவில்லை. திறமைக்கு உள்ள விலையைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

பாம்பு எண்ணெய்க் கதை உண்மையா?

பிஸ்மார்க்கில் இருந்தபோது பழக்கமான சூ பழங்குடிக் குடும்பம் ஒன்று தனக்குப் பாம்பு எண்ணெய் கொடுத்தது, அதைத் தேய்த்ததால்தான் தன் கை அத்தனை வருடம் தாங்கியது என்று பெய்ஜ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது அவர், சாட்சியும் அவர் ஒருவர்தான். எண்ணெயின் மகிமை எப்படியோ, கை தாங்கியது என்பது மட்டும் நிஜம், அடுத்த கேள்வியில் பாருங்கள்.

அணி ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது?

பெய்ஜ் 1935-க்குப் பிறகு திரும்பி வரவில்லை. விசிட்டா முடிந்த கையோடு கான்சஸ் சிட்டி மானர்க்ஸ் என்ற கருப்பின அணிக்காகச் சில ஆட்டங்கள் வீசிவிட்டு, பழைய சண்டை தீர்ந்ததும் அடுத்த வருடம் பிட்ஸ்பர்க்குக்கே போய்விட்டார். 1936-ல் ஹில்டன் ஸ்மித், ட்ரூப் போன்றவர்களை வைத்துக்கொண்டு பிஸ்மார்க் மறுபடியும் விசிட்டா போனது. இந்தத் தடவை பட்டம் கிடைக்கவில்லை, போன வருடம் இறுதியில் தோற்ற அதே சிமென்டர்ஸ் வென்றார்கள். அங்கிருந்தே ஹில்டன் ஸ்மித் மானர்க்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார். அத்தோடு சர்ச்சில் நிறுத்திக்கொண்டார்.

யாரோ தடை போட்டு மூடிய அணி இல்லை இது. 49 டிகிரி வெயிலில் பயிர் கருகிய கோடை அது, ஊரில் பணம் இல்லை. இப்படிப்பட்ட ஆட்களை ஒரு சின்ன ஊர் எத்தனை வருடம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியும்? ஒரு தனி மனிதரின் ஆசையிலும் பையிலும் நின்ற அணி, அவர் கை ஓய்ந்ததும் முடிந்தது.

அப்புறம் அவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

பெய்ஜ் 1948-ல், 42 வயதில், கிளீவ்லாண்ட் அணி வழியாகப் பெரிய லீகுக்கு வந்தார். அந்த வயதில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருக்கும். 6 வெற்றி, 1 தோல்வி, அந்த வருடம் கிளீவ்லாண்ட் உலகத் தொடரையே வென்றது. 1965-ல் கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்காக 59 வயதில் ஒரு ஆட்டம் தொடங்கி மூன்று இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 1971-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அதிலும் முதலில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவு என்றுதான் அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் மற்றவர்களோடு சமமாக வைத்தார்கள். அந்த ரயில் பெட்டி எத்தனை வருடம் துரத்துகிறது பாருங்கள்.

ஹில்டன் ஸ்மித் 1948 வரை மானர்க்ஸ் அணியில் ஆடினார். அங்கே பல ஆட்டங்களில் கூட்டத்துக்காகப் பெய்ஜ் முதல் மூன்று இன்னிங்ஸ் வீசுவார், மீதி ஆறு இன்னிங்ஸை ஸ்மித் வீசி ஜெயித்துக் கொடுப்பார், மறுநாள் பத்திரிகையில் பெய்ஜ் பெயர் இருக்கும். ஜாக்கி ராபின்சனை மானர்க்ஸ் முதலாளிக்குச் சிபாரிசு செய்ததே ஸ்மித்தான் என்பார்கள். 1983-ல் இறந்தார், புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2001-ல். உயிரோடு இருக்கும்போது அது நடந்திருக்க வேண்டும்.

குவின்சி ட்ரூப் 1952-ல், 39 வயதில், கிளீவ்லாண்டுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். பிட்சர் சாம் ஜோன்ஸும் அவரும் சேர்ந்து இறங்கியபோது இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் பிட்சரும் கேட்சரும் கருப்பினத்தவராக இருந்தது அதுவே முதல் தடவை. ட்ரூப் இன்னொரு நல்ல காரியமும் செய்தார், போகுமிடமெல்லாம் சின்ன கேமராவில் படம் பிடித்து வைத்தார். நீக்ரோ லீக் ஆட்டக்காரர்கள் அசைந்து ஓடுவதை இன்று நாம் பார்க்கிறோம் என்றால் அதில் அவர் பங்கு உண்டு. ராட்க்ளிஃப் 103 வயது வரை வாழ்ந்தார், 2005-ல் இறந்தார், கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். செட் புரூவர் பிற்காலத்தில் இளைஞர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை பார்த்தார், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக.

அந்த ஊரில் இன்று பேஸ்பால் உண்டா?

உண்டு. நடுவில் சில அணிகள் வந்து போயின. 1950-களில் மேன்-டாக் என்று ஒரு லீக் வடக்கு டகோட்டாவிலும் கனடாவின் மனிடோபாவிலும் நடந்தது, 1950-ல் பெய்ஜ் அதில் மைனாட் என்ற ஊருக்காக இரண்டு மூன்று ஆட்டம் வீசிவிட்டுப் போனார். 2017-லிருந்து பிஸ்மார்க் லார்க்ஸ் என்று ஒரு அணி இருக்கிறது, கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஆடும் லீக். லார்க் என்பது வானம்பாடி மாதிரி ஒரு புல்வெளிப் பறவை. விசிட்டா மைதானத்துக்கு டூமாண்டின் பெயரையும் சேர்த்து லாரன்ஸ்-டூமாண்ட் மைதானம் என்று பிற்காலத்தில் மாற்றினார்கள். பெய்ஜ் அந்த 60 பேரை அவுட் ஆக்கிய அந்த இடத்தை 2018-ல் இடித்துவிட்டார்கள்.